மூச்சு குறையும்போது பேச்சுக்கு என்ன ஆகிறது: அனுபவப் பகிர்வு

பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரின் பகிர்வு

தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைக்கப்பட்டவர் கண்விழித்ததும் வாயை அசைப்பார். உதட்டில் சொல் முழு வடிவத்தில் இருக்கும், ஓசை மட்டும் இருக்காது. உடனிருக்கும் உறவினர்கள் குரலே போய்விட்டதென்று கலங்குவதை நான் பணிபுரியும் மருத்துவமனையில் அடிக்கடி காண்கிறேன். பெரும்பாலும் குரல்நாண்களுக்கு எந்தக் கேடும் நேர்ந்திருக்காது. குழாய் அவற்றுக்குக் கீழே பொருத்தப்படுவதாலும், அதைச் சுற்றியுள்ள கஃப் என்னும் சிறு பலூன் மூச்சுக்குழாயை அடைத்துக்கொண்டிருப்பதாலும், நுரையீரலிலிருந்து வரும் காற்று மேலே ஏறாமல் கழுத்து வழியாகவே வெளியேறிவிடுகிறது. எழுத்துகளின் பிறப்பைச் சொல்லவந்த தொல்காப்பியர், நாவையும் இதழையும் குறிப்பிடுவதற்கு முன்பே ‘உந்தி முதலா முந்துவளி தோன்றி’ என்று காற்றிலிருந்து தொடங்கியது எவ்வளவு பொருத்தம் என்பதை அந்தப் படுக்கைகளின் அருகில் நிற்கும்போது உணர முடிகிறது.

குய்லன்–பாரே நோயால் கைகால்களோடு மூச்சுத் தசைகளும் செயலிழந்து, பல வாரங்கள் வென்டிலேட்டரில் இருந்து மீண்ட ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவரைப் பற்றி எழுத விரும்புகிறேன். அவர் தானாக மூச்சுவிடத் தொடங்கி வார்டுக்கு மாற்றப்பட்ட பிறகு, பேச்சு வால்வு பொருத்த மருத்துவர்கள் இசைந்தார்கள். இந்த ஒருவழி வால்வு மூச்சை இழுக்கும்போது திறந்து, விடும்போது மூடிக்கொள்ளும். கழுத்து வழி அடைபட்டதும் காற்று குரல்நாண்களின் ஊடாக மேலே ஏறும். (கஃபில் உள்ள காற்றை முழுவதும் எடுத்த பிறகே வால்வைப் பொருத்த வேண்டும், இல்லையேல் இழுத்த மூச்சை விட வழியின்றி உயிருக்கே ஆபத்தாகும்.) இத்தகைய வால்வை 1980-களில் வடிவமைத்த டேவிட் மியூர் என்னும் அமெரிக்க இளைஞர், தசைச் சிதைவு நோயால் தாமே வென்டிலேட்டரைச் சார்ந்து வாழ்ந்தவர் என்பதை நோயாளிகளிடம் நான் தவறாமல் சொல்வதுண்டு.

வால்வைப் பொருத்தியதும் முதலில் இருமல் வந்தது, பிறகு சளியோடு கரகரத்த ஒரு முனகல். அடுத்த மூச்சில் “அந்த ஃபேனை” என்றார். குரல் தேய்ந்து நின்றது. தோள்கள் உயர ஒரு மூச்சை இழுத்து, “நிப்பாட்டுங்க” என்று முடித்தார். தலைக்கு நேர் மேலே சுழன்ற மின்விசிறியின் குளிரை அவர் நாள்கணக்கில் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவரிடம் கொடுத்திருந்த படப்பலகையில் வலிக்கும் தாகத்துக்கும் பசிக்கும் படம் இருந்தது, ஃபேனுக்கு இல்லை.

குழாய் எடுக்கப்பட்ட பிறகு நாங்கள் கொடுத்த பயிற்சி நாவுக்கு அன்று, மூச்சுக்கே. அமைதியாக இருக்கும்போது ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ 40 விழுக்காடு நேரம் இழுப்பதற்கும் மீதி விடுவதற்கும் செல்கிறது. பேசும்போது இழுப்பதற்கான நேரம் 10 விழுக்காடு அளவுக்குச் சுருங்கி, மற்ற நேரமெல்லாம் சீராக விடுவதிலேயே கழிகிறது. காற்று நிறைந்த நுரையீரல், ஊதிய பலூனைப் போலத் தானாகவே சுருங்கப் பார்க்கும். அப்போது மூச்சை இழுக்க உதவும் விலாவிடைத் தசைகளே அதைத் தடுத்துப் பிடித்துச் சிறிது சிறிதாக விடுகின்றன, காற்று குறைந்த பின்னர் வயிற்றுத் தசைகள் கீழிருந்து தள்ளுகின்றன. இயல்பான உரையாடலுக்குக் குரல்நாண்களுக்குக் கீழே ஏறத்தாழ 5 முதல் 10 சென்டிமீட்டர் உயர நீரின் அழுத்தம் போதும். அதனால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமிழ்த்தி, 5 வினாடி இடைவிடாமல் குமிழி வரும்படி ஊதச் சொல்வோம். அவருக்கோ அது போதவில்லை. “படியில நிக்காதீங்க, உள்ளே போங்க” என்பதை ஒரே மூச்சில் உரக்கச் சொல்ல வேண்டும் என்பதே அவர் தமக்கு வைத்துக்கொண்ட இலக்கு. வீடு திரும்புமுன் வார்டு முழுவதும் கேட்கும்படி அதைச் சொல்லியும் காட்டினார்.

மறுமொழி: வேறொரு நோயாளியின் மகன்

என் தந்தைக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளது. அவருக்குக் குரல் கணீரென்றுதான் இருக்கிறது, ஒரு மூச்சுக்கு மூன்று நான்கு சொற்களுக்கு மேல் வருவதில்லை. தமிழில் வினை கடைசியில் வருவது அவருக்கு எவ்வளவு பெரிய இடர் என்பதை வீட்டில் அன்றாடம் காண்கிறேன். “அந்த ராத்திரி மாத்திரை எனக்கு” என்றதும் மூச்சு தீர்ந்துவிடும்; அவர் அடுத்த மூச்சை இழுப்பதற்குள் என் தங்கை மாத்திரையையும் தண்ணீரையும் எடுத்து வந்துவிடுவாள்; அவர் சொல்ல வந்ததோ “வேண்டாம்” என்பது. இப்படிச் சில முறை நடந்த பிறகு அவர் பேசுவதையே குறைத்துக்கொண்டார். நோயைவிட இதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது, ஏனென்றால் அவர் கதை சொல்லி வளர்த்த பிள்ளைகள் நாங்கள். அவர் வாக்கியத்தை முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது என்று வீட்டில் இப்போது ஏற்பாடு செய்திருக்கிறோம். ஆனால் தொலைபேசியில் அழைக்கும் உறவினர்களுக்கு அந்த இடைவெளி புரிவதில்லை. தொடர்பு துண்டிக்கப்பட்டதென்று எண்ணி “ஹலோ, ஹலோ” என்கிறார்கள், அவரும் எடுத்த மூச்சை “இருக்கேன்” என்று சொல்வதிலேயே செலவழித்துவிடுகிறார்.

மறுமொழி: வடக்கு ஸ்வீடனில் வசிப்பவர்

உந்தியிலிருந்து எழும் வளிக்கு ஒரு விலக்கை நான் இங்கே நாள்தோறும் கேட்கிறேன். ஊமியோ பகுதியில் ‘ஆம்’ என்பதற்குப் பலர் சொல் எதையும் சொல்லாமல், உதட்டைக் குவித்து ‘ஷூப்’ என்று காற்றைச் சட்டென உள்ளே இழுக்கிறார்கள். புதிதாகக் கேட்பவருக்கு எதிரிலிருப்பவர் பதறிவிட்டாரோ என்று தோன்றும். ஆனாலும் உள்ளிழுக்கும் மூச்சில் அவர்கள் இத்தகைய சிறு ஒப்புதல்களைத்தான் சொல்கிறார்களேயன்றி, முழு உரையாடலை நடத்துவதில்லை.

பேச்சுப் பயிற்சியாளரின் பதில்

தந்தையைப் பற்றி எழுதிய நண்பருக்கு: நீங்கள் செய்திருக்கும் ஏற்பாடு மிகச் சரியானது. அதனுடன் அவரிடம் வினையை முன்னே போட்டுப் பேசச் சொல்லிப் பாருங்கள். “வேண்டாம், அந்த மாத்திரை” என்பதும் வழக்கில் உள்ள தமிழே. மூச்சு நிறைந்திருக்கும்போதே முக்கியமான சொல் வெளிவந்துவிடும். மேசையில் முழங்கைகளை ஊன்றிச் சற்று முன்சாய்ந்து உட்கார்ந்தால் பலருக்கு மூச்சு எளிதாகிறது. இழுத்த மூச்சை அடக்கி வைத்திருந்து பேசாமல், விடத் தொடங்கும் கணத்திலேயே பேச்சையும் தொடங்க வேண்டும். தொலைபேசியில் உங்களில் ஒருவர் அருகிலிருந்து, “அப்பா மூச்சு வாங்கிக்கிட்டுப் பேசுவாங்க, கொஞ்சம் பொறுங்க” என்று முதலிலேயே சொல்லிவிடலாம்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் போவதை ஆஸ்துமா நோயாளிகளிடம் கடும் தாக்குதலின் அறிகுறியாக மருத்துவர்கள் கொள்கிறார்கள். உங்கள் தந்தைக்கு வழக்கமாக மூன்று நான்கு சொற்கள் வருவது திடீரென ஒரு சொல்லாகக் குறைந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பயிற்சியைப் பற்றி யோசிக்காமல் உடனே 108-ஐ அழைத்துவிடுங்கள்.