1/35 கொஹிமா டென்னிஸ் கோர்ட் டயோரமா: டாங்கி மண்ணில் உட்காராமல் மிதக்கிறது, என்ன செய்யலாம்?

ஈரமண்:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று மாதமாக ஒரே டயோரமாவில் (சின்ன மாதிரிகளை வைத்து அமைக்கும் காட்சி; 1/35 என்றால் நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு) உட்கார்ந்திருக்கிறேன், இப்போது நன்றாக மாட்டிக்கொண்டேன். காட்சி இதுதான்: இரண்டாம் உலகப் போர், 1944 மே 13, இன்றைய நாகாலாந்தின் கொஹிமாவில் டெபுடி கமிஷனர் (மாவட்ட அதிகாரி) பங்களாவின் டென்னிஸ் கோர்ட். புல்டோசர் வெட்டிக்கொடுத்த பாதையில் பிரிட்டிஷ் தரப்பின் ஒரு லீ டாங்கி ஏறிவந்து, ஜப்பானியர்களின் பதுங்குகுழிகளை மிக நெருக்கத்தில் நின்று சுடுகிறது. என் தாத்தா அந்த வருடம் திமாப்பூர் சாலையில் ராணுவ லாரி ஓட்டியவர். சண்டையைப் பற்றி வாயே திறக்கமாட்டார், மழையையும் சேற்றையும் பற்றி மட்டும் நாள் முழுக்கச் சொல்லுவார். அதனால் வேறு எது தப்பினாலும் சேறு சரியாக வந்தாக வேண்டும்.

6 மி.மீ. பிளைவுட்டில் தெர்மாகோல் ஒட்டி, அதன்மேல் ஒரு விரல் கனத்துக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி, ஈரமாக இருக்கும்போதே ஆற்று மணலையும் செம்மண்ணையும் தூவினேன். மறுநாள் பார்த்தால் பலகை வளைந்துவிட்டது, நடுவில் நீளமாக ஒரு விரிசல். ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தபோது ஓரத்தில் வெளியே தெரிந்த தெர்மாகோல் அப்படியே கரைந்து குழி விழுந்தது. எல்லாவற்றையும் விட வருத்தம், டாங்கியைத் தூக்கி வைத்தால் டிராக்குக்கு (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை) கீழே வெளிச்சம் தெரிகிறது. முன்பக்கம் இரண்டு சக்கரம் அந்தரத்தில் நிற்கிறது. இதைச் சரிசெய்ய வழி இருக்கிறதா, இல்லை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா?

பசைக்கை:

தம்பி, தளத்தை மட்டும் புதிதாகச் செய்துவிடுங்கள். டாங்கிக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுவே நிம்மதி.

பலகை வளைந்ததற்குக் காரணம், ஒரு பக்கம் மட்டும் ஈரத்தைக் குடித்ததுதான். அடுத்த முறை பிளைவுட்டின் மேல், கீழ், ஓரம் எல்லாவற்றிலும் வார்னிஷ் இரண்டு கோட் அடித்துக் காயவிட்டு அப்புறம் வேலையைத் தொடங்குங்கள். தெர்மாகோல் மேல் நேராக ஸ்ப்ரே கூடாது, அதில் இருக்கும் கரைப்பான் தின்றுவிடும். முதலில் ஃபெவிகாலைத் தண்ணீரில் கலந்து ஒரு இடுக்கு விடாமல் பூசி மூடவேண்டும். மேற்பூச்சுக்கு வெறும் பிளாஸ்டர் வேண்டாம். செய்தித்தாளை ஊறவைத்து அரைத்த கூழ், சுவருக்குப் பூசும் பட்டி, ஃபெவிகால் மூன்றையும் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து, மெல்லிய அடுக்காக, ஒன்று காய்ந்தபின் இன்னொன்று என்று பூசுங்கள். இது மெதுவாகக் காயும், அந்த நேரம்தான் நமக்கு வேண்டியது.

டாங்கி மிதக்கிறது என்றீர்களே, எல்லோரும் தடுக்கி விழும் இடம் அது. தரையை முடித்துவிட்டு டாங்கியைக் கொண்டுபோய் வைத்தால் எந்தக் காலத்திலும் உட்காராது. டாங்கி இருக்கும்போதே தரையைச் செய்ய வேண்டும். சமையலறையில் பாத்திரம் மூடும் மெல்லிய பிளாஸ்டிக் உறையை டிராக்கைச் சுற்றி இறுக்கமாகச் சுற்றி, மேல் அடுக்கு ஈரமாக இருக்கும்போது வைத்து, இரண்டு கையாலும் நேர்கீழாக அழுத்துங்கள். பின்பக்கம் கொஞ்சம் அதிகமாக இறங்கட்டும், ஏனென்றால் அது ஏறிவந்து நிற்கிற வண்டி. அமுங்கிய இடத்தில் மண் இரண்டு பக்கமும் பிதுங்கி ஒரு சின்ன வரப்பு மாதிரி எழும், அதைத் தடவிவிடாதீர்கள், கிட்டத்தட்ட 27 டன் எடை கண்ணுக்குத் தெரிவது அந்த வரப்பில்தான். சக்கரங்களை இன்னும் ஒட்டவில்லை என்றால் மேடுபள்ளத்துக்குத் தக்கபடி ஏற்றி இறக்கி ஒட்டுங்கள், ஒட்டியாகிவிட்டது என்றால் தரையைத்தான் வளைக்கவேண்டும்.

மணல் விஷயம் ஒன்று. 1 மி.மீ. மணல் 1/35 அளவில் 3.5 செ.மீ. ஜல்லி. டீ வடிகட்டியில் சலித்து, அடியில் விழும் பொடியை மட்டும் எடுங்கள். நிறத்துக்கு மண்ணை நம்பவேண்டாம், மண் சொரசொரப்புக்கு மட்டும், நிறம் பெயிண்ட்டிலிருந்து வரட்டும். ஒரே பழுப்பு அடித்தால் கேக் மாதிரிதான் இருக்கும். வரப்பின் முதுகு வெளிறி, பள்ளம் கறுத்து, டிராக் தடத்தின் அடியில் மட்டும் கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ் ஒரு சொட்டு. தளம் முழுக்க வார்னிஷ் பளபளத்தால் ஈரம் போய் எண்ணெய் கொட்டிய மாதிரி ஆகிவிடும்.

ஷெர்மன்35:

மேலே சொன்னதெல்லாம் சரி. நான் வேறு இரண்டைச் சொல்கிறேன்.

முழு கோர்ட்டையும் செய்யாதீர்கள். 23.77 மீட்டர் நீளம், 10.97 மீட்டர் அகலம், நம் அளவில் கிட்டத்தட்ட 68க்கு 31 செ.மீ. லீ டாங்கியோ 16 செ.மீ. நீளம்தான், அவ்வளவு பெரிய வெளியில் அது பொம்மையாகச் சுருங்கிப்போகும். கோர்ட்டின் ஒரு மூலை, மேல் தளத்தின் சரிவு, எதிரில் ஒரு பதுங்குகுழி வாய், இது போதும். கோர்ட்டின் கோடு எங்காவது கொஞ்சம் மட்டும் மண்ணுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கட்டும். இரண்டு பக்கமும் கையெறிகுண்டு வீசிக்கொள்ளும் தூரத்தில் வாரக்கணக்கில் கிடந்த இடம், புல் ஒரு இணுக்கு கூட வைக்கவேண்டாம். மரங்கள் குண்டுபட்டு இலையில்லாமல் நிற்கும். காய்ந்த செடி வேர் அதற்கு அருமையாக இருக்கும். விமானத்திலிருந்து போட்ட சாமான்களின் பாராசூட்டுகள் அந்தக் கிளைகளில் தொங்கின, ஒன்றாவது வையுங்கள்: டிஷ்யூ பேப்பரைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்துத் தொங்கவிட்டால் காய்ந்ததும் அப்படியே நிற்கும்.

இன்னொன்று வீரர்கள். மே மாதம் என்பதால் டார்செட்ஷயர் ரெஜிமென்ட்டின் 2வது பட்டாலியன், ஏப்ரல் முற்றுகையில் நின்ற வெஸ்ட் கென்ட் ஆட்கள் அதற்குள் மாற்றப்பட்டுவிட்டார்கள். கடையில் கிடைக்கும் பிரிட்டிஷ் வீரர் கிட் பெரும்பாலும் நார்மண்டி ஆட்கள், இடுப்போடு நிற்கும் கம்பளிச் சட்டை. பச்சை அடித்தால் மட்டும் பர்மா முனை ஆகிவிடாது. மழைதானே, டிஷ்யூ பேப்பரில் ஒரு மழைப் போர்வை செய்து தோளில் போர்த்திவிடுங்கள், சட்டை மறைந்துவிடும், காட்சிக்கும் பொருந்தும்.

டாங்கிக்கு ஆயில் பெயிண்ட் வாஷ் (இடுக்குகளில் இறங்கும்படி நீர்க்கக் கரைத்த பூச்சு) கொடுக்கும்போது டர்பன்டைனைக் குளிப்பாட்டாதீர்கள். என் முதல் ஷெர்மன் டாங்கி மாதிரியின் அச்சு இரண்டும் மறுநாள் தொட்டதும் பிஸ்கட் மாதிரி உடைந்தது. முதலில் கிளாஸ் கோட், அது நன்றாகக் காய்ந்ததும் பிரஷ் நுனியில் தொட்டு மூட்டு மூட்டாக.

ஈரமண்:

இருவருக்கும் ரொம்ப நன்றி. நேற்று புதுப் பலகையை 30க்கு 25 செ.மீ. ஆக வெட்டி வார்னிஷ் அடித்துவிட்டேன். மிச்சம் இருந்த துண்டுப் பலகையில் கூழைப் பூசி டாங்கியை ஒருமுறை அழுத்திப் பார்த்தேன். தூக்கியபோது டிராக்கின் ஒவ்வொரு கட்டையும் தனித்தனியாகப் பதிந்திருந்தது, ஓரத்தில் பசைக்கை அண்ணா சொன்ன அந்த வரப்பும் எழும்பியிருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், கையில் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் தரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை உண்மையான தளத்தில் அழுத்தப்போகிறேன். ஒரு சந்தேகம்: பதுங்குகுழிக் கூரைக்கு மரக்கட்டைகள் வேண்டும், ஈர்க்குச்சி 1/35க்கு மெலிதாகத் தெரிகிறது. வேறு என்ன பயன்படுத்துகிறீர்கள்?

பசைக்கை:

முருங்கைக் குச்சி வேண்டாம், காய்ந்தால் சுருங்கும். கொய்யாவின் நுனிக்கிளை, 5 மி.மீ. கனம், ஒரு வாரம் நிழலில் காயட்டும். நிஜத்தில் 17.5 செ.மீ. கட்டை அது, சரியாக இருக்கும்.