இந்தியாவின் முதல் ஸ்டேஷனா ராயபுரம்?

குழு: ராயபுரம் வீடு
சனிக்கிழமை

கயல் (மாலை 6:12): எல்லோருக்கும் வணக்கம். ஸ்கூலில் நம் ஊர் வரலாறு என்று ப்ராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். நான் ராயபுரம் ஸ்டேஷனை எடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.

பெரியப்பா: சபாஷ் கண்ணு. இந்தியாவிலேயே முதல் ஸ்டேஷன் நம்ம ராயபுரம்தான். அதையே தலைப்பாகப் போடு.

கயல்: அங்கேதான் குழப்பம் பெரியப்பா. ஒரு பக்கத்தில் 1853 என்று இருக்கிறது. இன்னொன்றில் 1856 ஜூன் 28. வேறொன்றில் ஜூலை 1. முதல் ரயில் ஆற்காட்டுக்குப் போனது என்று ஒருவர் எழுதுகிறார், வாலாஜாவுக்குப் போனது என்று இன்னொருவர். ஒரு மணி நேரமாகத் தேடுகிறேன், தலை சுற்றுகிறது.

பிரபு: இதற்கு ஏன் ஒரு மணி நேரம்? தேடினால் மேலேயே ஏஐ சுருக்கமாகச் சொல்லிவிடுகிறதே. இதோ எனக்கு வந்தது: "ராயபுரம் இந்தியாவின் முதல் ரயில் நிலையம். 1853இல் திறக்கப்பட்டது." முடிந்தது.

பெரியப்பா: பார்த்தாயா! நான் சொன்னேன்.

செல்வி சித்தி (6:31): இப்போதுதான் வேலை முடிந்து பஸ் ஏறினேன். பிரபு, அந்தச் சுருக்கத்துக்குப் பக்கத்தில் லிங்க் இருக்கும். அதைத் தொட்டுப் பார், எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்று.

பிரபு: ஒரு நிமிஷம் அத்தை.

பிரபு: முதல் லிங்க், வீடு விற்கும் கம்பெனி. "ராயபுரத்தில் வீடு வாங்க ஏழு காரணங்கள்." அதில் நாலாவது காரணத்தில் ஸ்டேஷன் வருகிறது. இரண்டாவது லிங்க், "சென்னையின் டாப் 10 அதிசயங்கள்". யார் எழுதியது என்றே போடவில்லை.

செல்வி சித்தி: வீடு விற்கிறவருக்கு ஸ்டேஷன் 1853 ஆனால் என்ன, 1856 ஆனால் என்ன? அவருக்கு ராயபுரம் என்று தேடுகிறவர்கள் வந்தால் போதும். கயல், நீ பார்த்த பக்கங்களில் ஒன்றிரண்டை இங்கே ஒட்டு.

கயல்: (3 படங்கள்)

செல்வி சித்தி: முதல் படத்தில் இரண்டாவது வரியைப் பெரிதாக்கிப் பார். "ரயில் நிலயம்" என்று இருக்கிறது. 'லை' இருக்க வேண்டிய இடத்தில் 'ல'. இப்போது மூன்றாவது படத்தைப் பார். அங்கேயும் "நிலயம்", அதே வரியில். அந்த வரி முழுவதையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடு. குறிக்குள் போட்டால் அந்தச் சொற்கள் அதே வரிசையில் உள்ள பக்கங்கள்தான் வரும்.

கயல்: சித்தி!! ஏழு பக்கம் வருகிறது. ஏழிலும் "நிலயம்". ஏழிலும் 1853.

செல்வி சித்தி: மண்ணடி அச்சகத்தில் இருபது வருஷமாக ப்ரூஃப் பார்க்கிறேன், எழுத்துப்பிழை எனக்கு முதலில் கண்ணில் படும். ஏழு பேர் சாட்சி சொல்ல வந்தார்கள், விசாரித்தால் ஏழு பேருமே ஒரே ஆள் சொல்லக் கேட்டவர்கள். அப்படியானால் உன்னிடம் இருப்பது ஒரு சாட்சிதான். அந்த ஒருவர் தப்பாகச் சொன்னால் ஏழும் தப்பு.

செல்வி சித்தி: இரண்டாவது படத்தையும் சத்தமாகப் படித்துப் பார்.

கயல்: "தென்னிந்தியாவின் முதல் பயிற்சி பல பயிற்சியாளர்களுடன் மேடையிலிருந்து கிளம்பியது." இது என்ன என்று எனக்குப் புரியவே இல்லை. சரி, பழைய தமிழ் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

செல்வி சித்தி: பழைய தமிழ் இல்லை கண்ணு. ஆங்கிலப் பக்கத்தை மெஷினில் கொடுத்து மாற்றியிருக்கிறார்கள். டிரெயின் பயிற்சியாகிவிட்டது, கோச் பயிற்சியாளராகிவிட்டார், பிளாட்பாரம் மேடையாகிவிட்டது. ஒரு மனிதர் ஒரு தடவை படித்திருந்தால் இந்த வரி வெளியே வந்திருக்காது. வருஷத்தை மட்டும் சரிபார்த்திருப்பார்களா?

அத்தை (தண்டையார்பேட்டை): பாப்பா, முதலில் வருவதை நம்பாதே. நான் பட்டவள் சொல்கிறேன். போன ஆடியில் ஃப்ரிட்ஜ் நின்றுபோனது. உள்ளே ஒரு கிலோ வஞ்சிரம். கெட்டுவிடுமே என்ற அவசரத்தில் கம்பெனி பெயர் போட்டு கஸ்டமர் கேர் நம்பர் தேடினேன். முதலில் வந்த நம்பருக்குப் போன் செய்தேன். அவ்வளவு மரியாதையாகப் பேசினான். "பத்து ரூபாய் பதிவுக் கட்டணம், இந்த ஆப்பை ஏற்றுங்கள் அம்மா" என்றான். ஏற்றினேன். நான் போனில் என்ன தொட்டாலும் அவனுக்குத் தெரிகிற ஆப் அது. 8,400 ரூபாய் போனது. பிரபு ஷிஃப்டில் இருந்தான். அவனிடம் சொல்லவே வெட்கமாக இருந்தது, மறுநாள்தான் சொன்னேன்.

பிரபு: அம்மா அன்றைக்கே சொல்லியிருந்தால் 1930க்கு உடனே போன் செய்திருப்பேன். சைபர் குற்றத்துக்கான நம்பர் அது. பணம் அடுத்தடுத்த அக்கவுண்டுக்குப் போவதற்குள் சொன்னால் நிறுத்திவைக்க வழி உண்டு. மறுநாள் சொன்னபோது எல்லாம் எடுத்துவிட்டார்கள்.

செல்வி சித்தி: அண்ணி, அதில் நீங்கள் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மேப்பில் வருகிற கடை நம்பரை யார் வேண்டுமானாலும் "திருத்தம்" என்று போட்டு மாற்றக் கேட்கலாம். தேடலில் மேலே ஸ்பான்சர்ட் என்று சின்ன எழுத்தில் வருகிறதே, அது காசு கொடுத்துப் பிடித்த இடம். ஃப்ரிட்ஜ் நம்பர் வேண்டுமானால் பில்லில் இருக்கும், வாரண்டி கார்டில் இருக்கும், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். அதற்கு நெட்டுக்கே போக வேண்டாம்.

பெரியம்மா: செல்வி, இதைக் கேட்டதும் எனக்குப் பயமாகிவிட்டது. மகள் பிரசவத்துக்குச் சிங்கப்பூர் போகப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டுமே. நேற்று ஒரு பக்கத்தில் பெயர், ஆதார் எல்லாம் போட ஆரம்பித்தேன். சிங்க முத்திரை இருந்தது. 2,999 கட்டச் சொன்னது.

செல்வி சித்தி: கட்டிவிட்டீர்களா அக்கா?

பெரியம்மா: இல்லை. கரண்ட் போய்விட்டது.

செல்வி சித்தி: அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். உண்மையான முகவரி பாஸ்போர்ட்இந்தியா டாட் ஜிஓவி டாட் இன். சிங்க முத்திரையை யாரும் வரைந்துகொள்ளலாம், ஆனால் ஜிஓவி டாட் இன் அரசாங்கத்துக்கு மட்டும்தான் கொடுக்கிறார்கள். முகவரியின் தொடக்கத்தில் இரட்டைச் சாய்வுக்கோடு இருந்தால் அதை விட்டுவிட்டு, அடுத்த சாய்வுக்கோடு வருவதற்கு முன்னால் கடைசியாக ஜிஓவி டாட் இன் இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் எங்காவது "ஜிஓவி", "பாஸ்போர்ட்" என்று இருந்தால் கணக்கில்லை. 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரணமாக 1,500 ரூபாய். நீங்கள் 60 தாண்டியவர், முதல் தடவை எடுக்கிறீர்கள், அதில் பத்து சதவீதம் குறையும். சந்தேகம் வந்தால் 1800 258 1800, இலவச நம்பர். ஆதார் போட்டதைப் பற்றி நாளை நேரில் பேசலாம்.

பெரியம்மா: சரிம்மா. நாளை நீயே பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக்கொடு.

கயல் (7:20): சித்தி, என் ஸ்டேஷன்?

செல்வி சித்தி: வந்தேன், வந்தேன். வீட்டுக்கு வந்து காபி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். முதலில் கூகுளில் தேடும் இடத்தில் "வெப்" என்று ஒரு பிரிவு இருக்கும், மேலே வரிசையில் இல்லாவிட்டால் "மேலும்" என்பதற்குள் பார். 2024 மே மாதம் கொண்டுவந்தார்கள். அதைத் தொட்டால் ஏஐ சுருக்கம், வீடியோ எல்லாம் போய் வெறும் லிங்க் மட்டும் நிற்கும். அப்புறம் தமிழில் தேடியதை ஆங்கிலத்திலும் தேடு. தமிழில் நல்ல பக்கம் இல்லாமல் இல்லை, ஆனால் அதன் மேல் குப்பை அதிகம் கிடக்கிறது. விக்கிப்பீடியாவில் ராயபுரம் பக்கத்தைத் திறந்து, வரியைப் படிக்காதே. வரி முடிவில் சின்ன எண் இருக்கும், அதைத் தொடு. அது எங்கே கூட்டிப்போகிறது என்று பார்.

கயல்: ஒன்று "பக்கம் கிடைக்கவில்லை" என்கிறது.

செல்வி சித்தி: அந்த முகவரியை நகலெடுத்து வேபேக் மெஷினில் ஒட்டு. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற நிறுவனம் 1996இலிருந்து இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கிறது. அழிந்த பக்கமும் பல நேரம் அங்கே கிடைக்கும். பழைய ரயில்வே புத்தகங்களின் ஸ்கேனும் அதே நிறுவனத்திடம் உண்டு, யாரும் இலவசமாகப் படிக்கலாம்.

(இருபது நிமிடம் யாரும் எழுதவில்லை)

கயல் (7:48): கிடைத்தது சித்தி!! ஜூன் 28, ஜூலை 1 இரண்டுமே சரி! 1856 ஜூன் 28 சென்னை கவர்னர் லார்ட் ஹாரிஸ் வந்து நடந்த திறப்பு விழா. ஜூலை 1 பொதுமக்களுக்கு ரயில் ஓட ஆரம்பித்த நாள். ஆற்காடு, வாலாஜா சண்டையும் தீர்ந்தது. அன்றைக்கு ஆற்காடு என்று பெயர் வைத்திருந்த ஸ்டேஷன்தான் இன்றைய வாலாஜா ரோடு. கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர்.

செல்வி சித்தி: பார், இரண்டு தேதி வந்தால் ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. எது எந்தச் சம்பவத்தின் தேதி என்று கேட்டால் போதும். சரி, 1853 எங்கிருந்து வந்தது?

கயல்: அது பம்பாய். 1853 ஏப்ரல் 16, பம்பாயிலிருந்து தாணேவுக்கு. இந்தியாவின் முதல் பயணிகள் ரயில். 1854இல் ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு. அதற்குப் பிறகுதான் நாம். யாரோ பம்பாயின் வருஷத்தை ராயபுரத்துக்குப் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

கயல்: அப்புறம் இன்னொன்று. 1837லேயே செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குக் கல் ஏற்றிவர ரயில் பாதை இருந்திருக்கிறது. அது பயணிகளுக்கு இல்லை.

(பெரியப்பா எழுதிக்கொண்டிருக்கிறார்...)

பெரியப்பா (7:55): அப்படியானால் நான் இத்தனை வருஷம் சொன்னது தப்பா? ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் 31 வருஷம். சேர்ந்த முதல் நாளே எங்கள் மேஸ்திரி சொன்னார், "டேய், இந்தியாவின் முதல் ஸ்டேஷன் நம்ம ராயபுரம்." நானும் எத்தனை பையன்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

செல்வி சித்தி: மாமா, உங்கள் மேஸ்திரி பொய் சொல்லவில்லை. ஒரு சொல்தான் விட்டுப்போயிருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் ஸ்டேஷன். அது நம்முடையதுதான், யாரும் எடுக்க முடியாது. பம்பாயில், தாணேவில் அன்றைக்கு இருந்த முதல் கட்டடங்கள் இன்று இல்லை. ராயபுரத்தில் இருக்கிறது. இன்றைக்கும் ஸ்டேஷனாகவே நிற்கும் கட்டடங்களில் நாட்டிலேயே மிகப் பழையது என்று இதைத்தான் சொல்கிறார்கள். சென்ட்ரல் வந்ததே 1873இல், எழும்பூர் 1908இல். இது பிடிக்கவில்லையா உங்களுக்கு?

பெரியப்பா: பிடித்திருக்கிறது.

பெரியப்பா: கயல், ஒன்று பார். நீ அனுப்பிய முதல் படத்தில் இருக்கும் போட்டோ ராயபுரமே இல்லை. அது எழும்பூர். மேலே குவிமாடம் இருக்கிறதே! நம்முடையதில் குவிமாடம் ஏது? முன்பக்கம் முழுக்க உயரமான தூண்கள், தூண் தலையில் இலை இலையாகச் செதுக்கியிருக்கும். சிவப்புச் சுவருக்கு முன்னால் வெள்ளைத் தூண். கண்ணை மூடினாலும் தெரியும் எனக்கு.

செல்வி சித்தி: இதை எந்த நெட்டும் எனக்குச் சொல்லவில்லை மாமா. நானும் அந்தப் போட்டோவைத் தாண்டித்தான் போனேன்.

பிரபு: அந்தப் போட்டோவை, படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தேன். வந்தது எல்லாமே எழும்பூர். பெரியப்பா சொன்னதுதான் சரி. நான் ஒட்டிய ஏஐ பதிலை அழித்துவிடுகிறேன், யாராவது வேறு குழுவுக்கு அனுப்பிவிடப்போகிறார்கள்.

அத்தை (தண்டையார்பேட்டை): ஏன் இப்படிக் கண்டதை எழுதிப் போடுகிறார்கள்? இதில் என்ன லாபம்?

செல்வி சித்தி: விளம்பரம் அண்ணி. பக்கத்தைத் திறக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் கொஞ்சம் காசு. முன்பெல்லாம் ஒரு பக்கம் எழுத ஒரு ஆள் உட்கார வேண்டும், இப்போது மெஷின் ஒரு நாளில் ஆயிரம் எழுதித் தரும். கூகுளே 2024 மார்ச்சில் இப்படி மொத்தமாகத் தயாரித்துக் குவிக்கும் பக்கங்களைக் குறைக்கப்போகிறோம் என்று அறிவித்தது. குறைந்தவை போக மிச்சம் இன்று கயலுக்கு வந்தது. ஒன்பதாவது படிக்கிற பிள்ளை ஒரு மணி நேரம் உட்கார்ந்து கிடைத்தது ஒரு தப்பான வருஷமும் ஒரு எழும்பூர் போட்டோவும். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

செல்வி சித்தி: கயல், நேரம் இருந்தால் அடுத்த வாரம் உன்னைக் கன்னிமரா நூலகத்துக்குக் கூட்டிப்போகிறேன். எழும்பூர் மியூசியம் வளாகத்திலேயே இருக்கிறது, 1896இல் திறந்தது. இந்தியாவில் அச்சாகிற புத்தகம் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி அங்கே போக வேண்டும் என்று சட்டமே உண்டு. ரயில்வே வரலாற்றுப் புத்தகங்களைத் தேடிப் புரட்டிப் பார்க்கலாம்.

கயல்: திங்கட்கிழமைக்குள் முடியாதே சித்தி.

செல்வி சித்தி: ப்ராஜெக்டுக்கு இன்று கிடைத்தது போதும். நூலகம் உனக்காக.

கயல் (8:30): முதல் பத்தி எழுதிவிட்டேன். பாருங்கள்: "ராயபுரம் ரயில் நிலையம் 1856 ஜூன் 28 அன்று திறக்கப்பட்டது. ஜூலை 1 முதல் இங்கிருந்து வாலாஜா ரோடு வரை பயணிகள் ரயில் ஓடியது. இது தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம். பம்பாயில் 1853லேயே ரயில் ஓடிவிட்டது, ஆனால் அந்த முதல் கட்டடம் இப்போது இல்லை. ராயபுரத்தின் கட்டடம் இருக்கிறது."

பெரியப்பா: அப்படியே வை. ஒரு எழுத்தையும் மாற்றாதே. "நிலையம்" சரியாகப் போட்டிருக்கிறாய்.

கயல்: போட்டோ மட்டும் இல்லை பெரியப்பா.

பெரியப்பா: நாளை காலை ஏழு மணிக்கு ஸ்டேஷன் வாசலுக்கு வந்துவிடு. வெயில் ஏறுவதற்குள் தூண்களை எடுத்துவிடலாம். பிரபு, உன் போனில் கேமரா நன்றாக இருக்கிறது, நீயும் வா. வரும்போது காசிமேட்டில் மீன் வாங்கிவரலாம்.

அத்தை (தண்டையார்பேட்டை): வஞ்சிரம் இருந்தால் ஒரு கிலோ எனக்கும்.