கலைச்சொல் உதவி: ‘சாட் ஷோ’, அதன் ‘ஹோஸ்ட்’ (திங்கள் காலைக்குள்)

திருச்சி, மொழிபெயர்ப்பாளர்

அன்புடையீர், இளங்கலை ஊடகவியல் மாணவர்களுக்கான பாடநூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். ஓர் இயல் முழுக்க பிரிட்டனின் இரவுநேர சாட் ஷோக்கள், அதாவது பிரபலங்களை அழைத்து உரையாடும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள். அவற்றை நடத்திய ‘ஹோஸ்ட்’களுள் மைக்கேல் பார்க்கின்சனில் தொடங்கி கிரகாம் நார்ட்டனில் முடிகிறது. நடத்துபவரின் இருக்கையில் அமர வேண்டியவர் செய்தியாளரா, நகைச்சுவையாளரா என்பதே இயலின் வாதம். ‘பின்னிரவு அரட்டை நிகழ்ச்சி’, ‘தொகுப்பாளர்’ என்று போட்டிருக்கிறேன். இரண்டும் உறுத்துகின்றன. திங்கள் காலை பதிப்பகத்துக்கு அனுப்பியாக வேண்டும்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, ‘பின்னிரவு’ பிழை. அது நள்ளிரவுக்குப் பிற்பட்டது. பத்தரை மணிக்குத் தொடங்கும் நிகழ்ச்சியை அப்படிச் சொல்லலாகாது. நம் சிறுபொழுதுகளில் பத்து முதல் இரண்டு வரை யாமம். ‘யாம அளவளாவல்’ என்று வையுங்கள். ‘அளவளாவு இல்லாதான் வாழ்க்கை’ குளத்துக்குக் கரையில்லாதது போன்றது என்கிறார் வள்ளுவர். அளாவுதல் கலத்தல், வெறும் பேச்சன்று, நெஞ்சு கலந்த பேச்சு.

நடத்துபவர் ‘விருந்தோம்புநர்’. இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? ‘செல்விருந்து ஓம்பி வருவிருந்து பார்த்திருப்பான்’ என்ற அடியைப் படித்துவிட்டு அந்த நிகழ்ச்சியைப் பாருங்கள்.

கோவை, கல்லூரி விரிவுரையாளர்

ஐயா, பொறுத்தருள வேண்டும். ‘யாம அளவளாவல்’ என்று கரும்பலகையில் எழுதினால் என் மாணவர்கள் அதை அகப்பாடல் என்று நினைப்பார்கள். யாமம் குறிஞ்சிக்கு உரியது, புணர்தலுக்கான பொழுது. தவிர, யாமம் வடசொல் என்போரும் உண்டு. மக்கள் சொல்வது ‘நடுச்சாமம்’.

மதுரை

யாமம் வடசொல்லா? ‘யா’ என்னும் வேருக்குக் கருமைப் பொருள் உண்டு. யாமை, ஆமை, யானை எல்லாம் அந்தக் கருமையிலிருந்து வந்தவை என்பது என் துணிபு. இது குறித்து நான்கு பக்கக் கட்டுரை இருக்கிறது, இணைக்கிறேன்.

இலண்டன் அன்பர்

கட்டுரையைப் பிறகு படிக்கிறேன், ஐயா. நாற்பது ஆண்டுகளாக இந்த நிகழ்ச்சிகளைப் பார்த்து வருபவன் என்ற முறையில் சில சொல்கிறேன்.

உங்கள் குறள் ஜொனதன் ராஸுக்கு அச்சாகப் பொருந்தும். 2001 முதல் 2010 வரை பிபிசியில் அவர் நடத்திய வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியில், அடுத்து வரவேண்டிய விருந்தினர்கள் காத்திருக்கும் அறையையே திரையில் காட்டுவார்கள். உண்மையாகவே ‘வருவிருந்து பார்த்திருத்தல்’தான். ஆனால் நார்ட்டனிடம் பொருந்தாது. அவர் எல்லாரையும் ஒரே சோபாவில் சேர்த்து உட்காரவைப்பார், எவரும் செல்விருந்து ஆவதில்லை. பார்வையாளர் ஒருவர் சிவப்பு நாற்காலியில் அமர்ந்து சொந்தக் கதை சொல்வார். அது சலிப்பூட்டினால் நெம்புகோலை இழுத்து நாற்காலியோடு கவிழ்த்துவிடுவார்கள். இதையும் விருந்தோம்பல் என்பீர்களா?

‘முகந்திரிந்து நோக்கக் குழையும் விருந்து’க்கும் இங்கே சான்று உண்டு. வழக்கறிஞராக இருந்து இத்தகைய நிகழ்ச்சி நடத்த வந்த கிளைவ் ஆண்டர்சனின் சீண்டல் பொறுக்காமல் 1997இல் பீ ஜீஸ் இசைக்குழுவினர் எழுந்து போய்விட்டார்கள். பார்க்கின்சனுக்கே 2003இல் நடிகை மெக் ரையனிடம் பேச்சு உறைந்துபோனது.

இன்னொன்று. முன்பு வேறொருவர் மொழிபெயர்த்த கட்டுரையில் ‘இரவு 9 மணி நீர்ப்பிரிமுகடு’ என்று கண்டேன். வாட்டர்ஷெட் இங்கே மலைமுகடு அல்ல. சிறுவர்க்கு ஒவ்வாதவற்றை ஒளிபரப்பத் தடை நீங்கும் நேரம். ‘ஒன்பது மணி வரம்பு’ போதும். அந்த வரம்பைத் தாண்டி வருவதால்தான் நகைச்சுவையாளர்களுக்கு இந்த இருக்கையில் அவ்வளவு வசதி. அம்மா, உங்கள் இயலின் வாதம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

புதுச்சேரி, கூத்து ஆய்வாளர்

நகைச்சுவையாளர்தான் என்றால் சொல் நம்மிடம் இருக்கிறதே: கட்டியங்காரன்! தெருக்கூத்தில் வேடம் கட்டி வருபவரை அறிமுகப்படுத்துகிறான், கேள்வி கேட்கிறான், அரசனையே கிண்டல் செய்கிறான், பார்வையாளர் பக்கம் திரும்பி நையாண்டி பேசுகிறான். அதோடு, கூத்து விடிய விடிய நடப்பது. மேசை ஒன்று போட்டுக் கொடுத்தால் தொலைக்காட்சிக்குத் தயார்.

மதுரை

கட்டியங்காரன் சீவக சிந்தாமணியில் யார் என்பதை மறந்துவிட்டீர்கள். சச்சந்தனைக் கொன்று அரியணையைக் கவர்ந்த அமைச்சன்.

இலண்டன் அன்பர்

ஐயா, அதுவும் பொருந்துகிறது! 2017இல் ஐடிவி தொலைக்காட்சி தன் இரவு பத்து மணிச் செய்தியை அரைமணி நேரம் தள்ளிவைத்து, அந்த இடத்தில் ‘நைட்லி ஷோ’ என்ற அன்றாட இரவு நிகழ்ச்சியைக் கொண்டுவந்தது. டேவிட் வாலியம்ஸ், ஜான் பிஷப், டவீனா மக்கால், கார்டன் ராம்சே என்று நடத்துபவரை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். எட்டு வாரத்தில் முடிந்தது. செய்தி தன் அரியணையை மீட்டுக்கொண்டது. அமெரிக்காவைப் போல வாரத்தில் பல இரவு இதே வேலையாக இருப்பது இங்கே வேர்பிடிக்கவில்லை. பிரிட்டனில் இது வாரம் ஒருமுறை கூடும் சபை.

கோவை

‘கட்டியங்காரன்’ என்றால் பெண்ணுக்கு என்ன சொல்வது? ‘கட்டியங்காரி’யா? ஏற்கெனவே ‘தொகுப்பாளினி’ என்று எழுதி வதைக்கிறார்கள். ‘ஆளர்’ இருபாலுக்கும் போதும்.

திருச்சி

இந்த இயலில் பெண்கள் குறைவு, அதுவே ஒரு குறை. நகைச்சுவையாளர் கரோலின் அஹெர்ன் வருகிறார். அவரும் மிசஸ் மெர்ட்டன் என்ற கிழவி வேடத்தில். வெள்ளந்தியாகக் கேட்பது போல் கேட்டு ஆளைச் சாய்ப்பார். ஓர் இந்தியக் குடும்பம் வீட்டிலேயே சாட் ஷோ நடத்துவதாக அமைந்த ‘குமார்ஸ்’ நகைச்சுவை நிகழ்ச்சியில் நடிகை மீரா சயாலும் பாட்டி வேடம்தான். பெண் கேள்வி கேட்க வேண்டுமானால் நரைமுடி ஒட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. சொல்லுக்கு வருவோமா?

கோவை

‘அரட்டை’ கூடாது. விசு நடத்திய அரட்டை அரங்கம் நினைவுக்கு வந்துவிடும், அது விவாத மேடை. ‘நேர்காணல்’ என்றால் வேலைக்கு ஆள் எடுப்பது. ‘விருந்தினர் உரையாடல்’ எப்படி?

மதுரை

விருந்தின் முதற்பொருள் புதுமை. தொல்காப்பியம் செய்யுளியலில் ‘விருந்து’ எட்டு வனப்புகளுள் ஒன்று. வந்தவரே திரும்பத் திரும்பப் புதுப் படத்துக்கு விளம்பரம் செய்ய வந்தால் அவர் விருந்தினர் ஆகார்.

‘தொகுப்பாளர்’ அதைவிடப் பொருந்தாது. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார், தொகுப்பித்தவன் சேரமன்னன். உங்கள் ஆள் எதைத் தொகுத்தார்?

புதுச்சேரி

தொகுப்பித்தவர் தயாரிப்பாளர், தொகுத்தவர் நடத்துநர்! ஐயா, நீங்களே வழக்கை எதிர்த்தரப்புக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

கோவை

‘நடத்துநர்’ என்றதும் டிக்கெட் கிழிப்பவர் நினைவுதான் வருகிறது.

திருச்சி, ஞாயிறு இரவு 11.40

யாமத்தில் எழுதுகிறேன், மதுரை ஐயா மகிழ்வார். ‘இரவு உரையாடல் நிகழ்ச்சி’, ‘தொகுப்பாளர்’ என்று வைத்து அனுப்பிவிட்டேன். மூவர் ஒப்பினீர்கள், அதில் ஒருவர் “எதுவாயினும் சரி” என்றே எழுதியிருந்தார். முதல் இடத்தில் மட்டும் ‘விருந்தோம்பித் தொகுப்பவர்’ என்று விரித்திருக்கிறேன். கட்டியங்காரனை நார்ட்டன் பகுதியில் ஓர் உவமையாகச் சேர்த்துவிட்டேன்.

இலண்டன் அன்பர்

நல்லது. நார்ட்டனுக்குப் பிறகு யார் என்று இங்கே பேச்சு எழும்போதெல்லாம் நான் ரொமேஷ் ரங்கநாதன் பெயரைச் சொல்வேன். இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் மகன், கணித ஆசிரியராக இருந்தவர். தானே நொந்துகொண்டு பிறரைச் சிரிக்கவைப்பவர். அவர் வந்தால் இந்தச் சொல்லை மறுபடி எடுத்துக்கொள்வோம்.

மதுரை

என் மறுப்பைப் பதிந்து வையுங்கள். ‘தொகுப்பாளர்’ சோம்பலின் சொல். கட்டுரையை எவரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை; மீண்டும் இணைக்கிறேன்.