பிஸ்கட்ட குடுக்க மாட்டாங்களாம்

குரூப்: நம்ம வீட்டு ஆளுங்க

அக்கா லீட்ஸ்: எல்லாருக்கும் சேத்து இங்கயே சொல்லிடுறேன், தனித்தனியா போன் பண்ணி கேக்காதீங்க ப்ளீஸ். நம்ம பாப்பாவுக்கு வாங்கறதா இருந்த போனி, அதான் அந்த குட்டை ஜாதி குதிரை பிஸ்கட், நமக்கு இல்ல. நேத்து சாயந்திரம் ரைடிங் ஸ்கூல் ஓனரம்மா கூப்பிட்டு விக்கறதா இல்லன்னு சொல்லிட்டாங்க

சித்தி கோவை: அய்யோ என்ன கண்ணு இது, போன வாரம் கூட சேணம் என்ன விலைன்னு பாத்துட்டிருந்தீங்களே

தம்பி: அக்கா 3,000 பவுண்டு பத்தலையா, எவ்ளோ கேக்குறாங்க சொல்லு, நானும் கொஞ்சம் போடுறேன்

அக்கா லீட்ஸ்: காசு விஷயமே இல்லடா. சின்னப் பிள்ளைங்கள ஏத்துறதுக்கு அவங்ககிட்ட இருந்த போனில ரெண்டு இந்த ஸ்பிரிங்ல நின்னுபோச்சு, ஒண்ணுக்கு லாமினைட்டிஸ், இன்னொண்ணு வயசாகி நொண்டுது. இங்க ரைடிங் ஸ்கூலுக்கு கவுன்சில் லைசன்ஸ் வேணும், வெட், அதான் மிருக டாக்டர், வந்து பாப்பாரு, நொண்டுற குதிரைய கிளாஸுக்கு இறக்க முடியாது. இப்ப முதமுதலா வர்ற பிள்ளைய நம்பி உக்கார வைக்க பிஸ்கட் ஒண்ணுதான் மிச்சம். மேல உக்காந்த குழந்தை கடிவாளத்த வெடுக்குனு இழுத்தாலும் பயத்துல கத்தினாலும் அது அசையாம நிக்கும், அந்த மாதிரி போனி காசு வச்சுட்டு தேடினாலும் லேசுல கிடைக்காது

தம்பி: அதெல்லாம் சரி, அப்ப முதல்ல எதுக்கு சரின்னு சொன்னாங்க? பிள்ளை மனசுல ஆசைய வளத்துவிட்டு இப்ப இல்லன்னா என்ன அர்த்தம். எழுதி வாங்கலையா

அக்கா லீட்ஸ்: வாய்ப்பேச்சுதான்டா. வெட் வந்து அஞ்சு ஸ்டேஜ் செக்கப் பண்ணி, நடக்க விட்டு ஓட விட்டு பிளட் எடுத்து, அப்புறம்தான் கையெழுத்து, குதிரையோட பாஸ்போர்ட்னு போகும். நாங்க வெட்டுக்கு தேதி கேட்டு வச்சிருந்தோம், அவ்ளோதான். எனக்கும் கோவம்தான், ராத்திரி பூரா தூங்கல

பெரியப்பா பழனி: லாமினைட்டிஸ்னா என்னம்மா

அக்கா லீட்ஸ்: குளம்புக்குள்ள வர்ற வீக்கம் பெரியப்பா. ஏப்ரல் மேல இங்க புல்லுல சர்க்கரை ஏறிடும், போனி ஜாதிக்கு அது ஆகாது. குளம்பு ஓட்டையும் உள்ள இருக்கற எலும்பையும் சேத்துப் பிடிச்சிருக்கற சதை வீங்கிடும், அப்புறம் காலை ஊனவே முடியாது. அதுக்குத்தான் மேய விடுறப்ப வாய்ல கூடை மாட்டி விடுவாங்க, நம்மூர்ல கன்னுக்குட்டிக்கு வாய்க்கூடை போடுவோம்ல அது மாதிரி

பெரியப்பா பழனி: இங்க வண்டிக் குதிரை கொள்ளுக்கும் புல்லுக்கும் ஏங்கிக் கிடக்கும். அங்க புல்லே வியாதியா. பாப்பா எப்படி இருக்கா

அக்கா லீட்ஸ்: அழவே இல்ல பெரியப்பா. ம்னு ஒரு வார்த்தை, மாடிக்குப் போயிட்டா. பொறந்தநாள் காசுல செவப்பு கலர்ல ஹெட்காலர், குதிரை தலைல மாட்டுற பட்டை, வாங்கி பேர் தைக்க குடுத்திருந்தா, அது திங்கக்கிழமைதான் பார்சல்ல வந்துச்சு. கவர் பிரிக்காம கட்டிலுக்கு அடியில தள்ளி வச்சிருக்கா. இந்த சனிக்கிழமை கிளாஸுக்கு வரலையாம்

சித்தி கோவை: வேற ஒரு குதிரைய வாங்கிக் குடுத்துடுங்க கண்ணு, ரெண்டு நாள்ல மறந்துடுவா. அங்கதான் ஆன்லைன்லயே விக்குறாங்கல்ல

அக்கா லீட்ஸ்: இல்ல சித்தி, அவ குதிரை வேணும்னு கேக்கல, பிஸ்கட்டக் கேட்டா. குளம்பு சுத்தம் பண்றப்ப முன்னங்கால தொட்டாலே போதும் அதுவே தூக்கிக் குடுக்கும், பின்னங்கால் முறை வந்தா மட்டும் சோம்பேறித்தனமா இவ மேல சாஞ்சு பாதி வெயிட்ட போட்டுக்கும், இவ தோளால முட்டுக்குடுத்துட்டே மண்ண நோண்டுவா. எட்டு வயசுல ட்ராட்ல, அது மெதுவா ஓடுறப்ப, இவ கீழ விழுந்தப்ப அது அங்கயே நின்னு குனிஞ்சு இவ தலைய மோந்து பாத்துச்சு, நான் வேலிக்கு வெளிய நின்னு பாத்தேன். இப்ப போய் வேறன்னு ஆரம்பிச்சா அவளுக்கு கோவம்தான் வரும்

மாமா லீட்ஸ்: ஒரு விஷயம், பிஸ்கட் வெல்ஷ் செக்‌ஷன் ஏ. அந்த ஜாதி 12 ஹேண்ட் தாண்டாது, ஒரு ஹேண்ட் 4 இன்ச், அப்ப தோள் வரைக்கும் 4 அடிதான். இவ 12 வயசுலயே 5 அடி கிட்ட வந்துட்டா. வாங்கியிருந்தாலும் ரெண்டு வருஷத்துல கால் தரையப் பாக்கும்

அக்கா லீட்ஸ்: கணக்கு கரெக்ட்டுங்க, ஆனா இத இந்த வாரம் அவகிட்ட சொல்லாதீங்க. அவளுக்கே தெரியும், நோட்டுல ரெண்டு பேர் உயரமும் எழுதி வச்சிருக்கா

தம்பி: வாங்கிட்டு அவங்ககிட்டயே விட்டு வச்சா? வாரத்துல சில நாள் அவங்க கிளாஸுக்கு எடுத்துக்கட்டும்

மாமா லீட்ஸ்: வொர்க்கிங் லிவரின்னு அதுக்கு பேரே இருக்குடா. ஓனர் நாம, குதிரை ஸ்கூல்ல வேலை செய்யும், அதனால அங்க வச்சுக்கற வாடகை கம்மி. கேட்டோம். நாளைக்கு நாம வீடு மாத்திட்டு குதிரையக் கூட்டிட்டுப் போயிட்டா அவங்களுக்கு ஒண்ணும் இருக்காது, அதான் வேண்டாம்னுட்டாங்க. அவங்க சொல்றதும் நியாயம்தான்

தம்பி: நியாயமா இருந்தா மட்டும் வலிக்காதா மாமா

மாமா லீட்ஸ்: வலிக்குதுடா. அத மேய விட வயல் வாடகைக்கு எடுக்கறதுக்கு நானே பேசி முடிச்சிருந்தேன்

பெரியப்பா பழனி: நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. எங்கப்பா ஸ்டேஷன்ல இருந்து அடிவாரத்துக்கு வண்டி ஓட்டினவர், உங்களுக்குத் தெரியும். அந்த வெள்ளைக் குதிரைய வித்தப்ப எனக்கு பத்து வயசு இருக்கும். வித்ததுக்கு காரணம் இருந்துச்சு, கடன். நான் அதுக்கு அழல, அன்னையிலிருந்து வீட்ல ஒருத்தரும் அது பேரையே எடுக்கல, எடுத்தா அப்பா முகம் மாறிடும்னு அம்மா கண்ண காட்டும். லாயத்துல விறகு அடுக்கிட்டாங்க. அதுக்குத்தான் விறகுக்குப் பின்னாடி போய் அழுதேன். பாப்பா முன்னாடி அந்தப் பேச்ச மூடி வைக்காதீங்க

சித்தி கோவை: பழனி மாமா இத இத்தன வருஷத்துல எங்ககிட்ட சொன்னதே இல்லையே

அக்கா லீட்ஸ்: பெரியப்பா...

அக்கா லீட்ஸ்: காலைல ஓனரம்மாகிட்ட திரும்ப பேசினேன். சண்டை போடல. ரெண்டு விஷயம் கேட்டேன், பிஸ்கட்ட ரிட்டயர் பண்றப்பவோ விக்கறப்பவோ முதல்ல எங்களத்தான் கேக்கணும், அத எழுத்துல குடுங்கன்னேன். சரின்னு மத்தியானமே மெயில் போட்டுட்டாங்க. அதுக்கு இப்ப 17 வயசு, நல்லா பாத்துக்கிட்டா போனி முப்பது கூட தொடும், அன்னிக்கு ஏறி ஓட்ட முடியலன்னாலும் பரவால்ல வந்து நிக்கட்டும். இன்னொண்ணு, மே கடைசில ஹாஃப் டேர்ம் லீவுல ஓன் எ போனி வீக் நடத்துறாங்க, அஞ்சு நாள் ஒரு பிள்ளைக்கு ஒரு போனி, காலைல தீவனம் வைக்கறதுலேருந்து சாயந்திரம் சாணி அள்ளுற வரைக்கும் அதுதான் பாத்துக்கணும். பிஸ்கட்ட இவ பேருக்கு எழுதி வச்சிருக்காங்களாம். பாப்பாகிட்ட சொன்னேன், யோசிக்கிறேன்னா

தம்பி: யோசிக்கட்டும், அவசரப்படுத்தாத. நான் அவகிட்ட பேசவா

அக்கா லீட்ஸ்: நாலு மணிக்கு ஸ்கூல்ல இருந்து வந்துடுவா, உங்களுக்கு எட்டரை. வாங்கறது விக்கறது வேண்டாம், பிஸ்கட் என்னெல்லாம் பண்ணும்னு மட்டும் கேளு

பெரியப்பா பழனி: என்னையும் லைன்ல போடு. அந்த வாய்க்கூடைய எப்படி மாட்டுறதுன்னு எனக்கு அவதான் சொல்லணும்