வீட்டில் அடித்த ஸ்ப்ரே பெயிண்ட் சுருங்கிவிட்டது: காரின் பின்பக்கத் தகட்டைச் சரிசெய்வது எப்படி?

கேட்பவர் (பொள்ளாச்சி):

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2006ஆம் ஆண்டின் மாருதி 800, வெள்ளி நிறம், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வாசல் கேட்டில் உரசியதில் பின் சக்கரத்துக்கு மேலுள்ள தகடு உள்ளங்கை அகலத்துக்கு உள்வாங்கி, சக்கர வளைவின் ஓரத்தில் துருவும் ஏறியிருந்தது. பட்டறையில் கேட்ட தொகை என் ஒரு மாத வீட்டு வாடகையைத் தாண்டியதால் நானே இறங்கினேன். துருவைத் தேய்த்து, பட்டி பார்த்து, 320ஆம் எண் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டு இழைத்து, கேனில் வரும் பிரைமர் அடித்தது வரை குறையில்லை. மறுநாள் மாலை, மழை விட்ட கையோடு வெள்ளி நிறத்தை அடித்தேன். இரண்டாவது கோட் விழுந்த சில நிமிடங்களில், பிரைமரும் பழைய பெயிண்டும் சேரும் விளிம்பு முழுவதும் பாலாடை போலச் சுருங்கிவிட்டது. மற்ற இடங்கள் புகை படிந்ததுபோல் வெளுத்திருக்கின்றன. இதன் மேலேயே இன்னொரு கோட் அடித்தால் மறையுமா?

பதில் (கார் பெயிண்டர், கோவை):

தம்பி, தயவுசெய்து மேலே எதையும் அடிக்காதீர்கள். அடித்தால் சுருக்கம் இன்னும் பரவும். முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். சேதமில்லாத பழைய பெயிண்டின் மறைவான மூலையில், தின்னரில் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். பஞ்சில் நிறம் கரைந்து வந்தால் அது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட்; தோல் எழும்பிச் சுருங்கினால் சிந்தெடிக் எனாமல்; ஒன்றும் ஆகவில்லையென்றால் கம்பெனியில் சூடேற்றி உலர்த்திய பெயிண்ட். இதே சோதனையைக் கதவிலும் செய்து பாருங்கள்.

கேட்பவர்:

செய்து பார்த்தேன் ஐயா. கதவில் ஒன்றும் ஆகவில்லை. பின்பக்கத் தகட்டில் மட்டும் தோல் எழும்பி, நகம் பட்டதும் வழித்துக்கொண்டு வந்துவிட்டது.

பதில் (கார் பெயிண்டர், கோவை):

அப்படியானால் முன்பு வைத்திருந்தவர் அந்தப் பக்கத்தை மட்டும் எனாமலில் அடித்திருக்கிறார். கேன் பெயிண்டில் உள்ள காரமான கரைப்பான் எனாமலுக்குள் இறங்கி அதை ஊதவைத்ததால்தான் சுருங்கியது; உங்கள் கைவேலையில் தவறில்லை. இரண்டு நாள் காயவிட்டு, பெயிண்ட் போகும் தூரம் வரை அந்த எனாமலை 80, பிறகு 180ஆம் எண் தாளால் முழுவதும் எடுத்துவிடுங்கள். கம்பெனி பெயிண்டோ வெறும் தகடோ தெரியும்வரை நிறுத்தக் கூடாது. கையில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றிக்கொண்டு கண்ணை மூடித் தடவினால், கண்ணுக்குத் தப்பிய மேடு விரலுக்குத் தெரியும்.

அதன்பின் இரண்டு பொருள்களைக் கலக்கும் எப்பாக்ஸி பிரைமரைக் கையுறை அணிந்து பிரஷ்ஷால் தடவினாலே போதும். கம்ப்ரஸருக்குச் செலவு செய்ய வேண்டாம். டப்பாவில் குறித்திருக்கும் நேரம் முழுவதும் காயவிட்டு, 400, பிறகு 600ஆம் எண் தாளால் இழையுங்கள்.

வெளுப்புக்குக் காரணம் ஈரக்காற்று. கரைப்பான் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிகிறது. மழையில்லாத நாளில், வெயில் ஏறிய பின் நிழலில் வைத்து அடியுங்கள். கேனை ஓர் அடிக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் பிடித்து, மெல்லிய கோட்டுகளாக, ஒவ்வொன்றுக்கும் இடையே பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள்.

வெள்ளி நிறம்தான் இருப்பதிலேயே கடினம். அதிலுள்ள அலுமினியத் துகள் எப்படிப் படிகிறதோ அதற்கேற்ப ஒரே பெயிண்டே வேறு நிறமாகத் தெரியும். முன் சக்கரத்துக்கு மேலுள்ள ஃபெண்டரைப் போல் இந்தப் பின்பக்கத் தகடு போல்ட்டைக் கழற்றி எடுக்கும் பகுதி அன்று, பாடியோடு பற்றவைத்தது. ஆகவே மாஸ்கிங் டேப்பை நேர்கோடாக ஒட்டி நிறுத்தினால் கோடு பளிச்சென்று தெரியும். நிறத்தை ஓரத்தில் படிப்படியாக மெலிதாக அடித்து மறையவிட்டு, அதன்மேல் அடிக்கும் நிறமற்ற பளபளப்புப் பூச்சான கிளியரைத் தகட்டின் மடிப்புக் கோடு வரை கொண்டு போங்கள்.

மற்றொரு பதில் (சேலம்):

இரண்டு எச்சரிக்கைகள். பட்டியைத் தண்ணீர் விட்டு இழைக்காதீர்கள். அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஆறு மாதம் கழித்துக் கொப்புளமும் துருவும் அதன் வழியாகத்தான் வரும். ஏற்கெனவே வைத்த பட்டியையும் சுரண்டிவிட்டுப் புதிதாக வைப்பதே நல்லது. அடுத்தது, ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) கலக்கும் கிளியரை வீட்டில் அடிக்க வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அதில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமாவைத் தரக்கூடியது. துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. சாதாரண அக்ரிலிக் கிளியர் கேன் பளபளப்பில் சற்றுக் குறைந்தாலும் அதுவே போதும். அதற்கும் கார்பன் வடிகட்டி உள்ள முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

கேட்பவர் (மூன்று வாரம் கழித்து):

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பழைய பட்டியைச் சுரண்டியபோது அதன் அடியில் மெல்லிய செந்துரு படிந்திருந்ததைக் கண்ணால் பார்த்தேன். அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. எனாமலை எடுக்க மட்டும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. இம்முறை சுருக்கமும் இல்லை, வெளுப்பும் இல்லை. உச்சி வெயிலில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கதவைவிடச் சற்றுக் கருமையாகத் தெரிகிறது. கிளியர் நன்றாக இறுகியதும் 2000ஆம் எண் தாளால் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்ட் போட்டுவிட்டுப் படத்தோடு எழுதுகிறேன்.