கோத்தகிரித் தேயிலைக் கருவிக்கு வெஞ்சர் முதலீடு தேவையா?

கேத்தி_காற்று:
பச்சைத் தேயிலையை வாங்கும் இடத்திலேயே எடைபோட்டு, ஈரத்தை அளந்து, ரசீதை விவசாயியின் போனுக்கு அனுப்பும் கருவி. இதைச் செய்யும் மலை நிறுவனம் ஆரம்பத்திலேயே வெஞ்சர் பணம், அதாவது வேகமாக வளரக்கூடிய நிறுவனத்தில் பங்குக்கு ஈடாக ஃபண்டுகள் போடும் பணம், தேட வேண்டும் என்பது என் கட்சி. இந்தியத் தேயிலையில் பாதிக்கு மேல் இன்று சிறு விவசாயிகளிடமிருந்து வருகிறது. கென்யாவில் சிறு விவசாயிகளின் தேயிலை அமைப்பான கேடிடிஏவின் தொழிற்சாலைகளுக்கு இலை கொடுப்பவர்கள் 6 லட்சத்துக்கும் அதிகம். மழைக்காலத்தில் ‘தண்ணீர்க் கழிவு’ என்று கண்மதிப்பில் எடையைக் குறைப்பது விவசாயி வயிற்றில் அடிப்பது. இதற்கு ஒரு தீர்வு இருக்கும்போது அதைச் சொந்தக் காசில் தவணை தவணையாக வளர்ப்பது நியாயமில்லை.

குன்னூர்_பேரேடு:
நோக்கத்தில் எனக்குச் சண்டை இல்லை, பணத்தின் வகையில்தான். நீலகிரியில் 200 தொழிற்சாலை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 1 லட்சம் சந்தா கட்டினால் மொத்தம் 2 கோடி. நல்ல தொழில்தான். ஆனால் 500 கோடி ஃபண்ட் நடத்துபவர், 15 சதவீதப் பங்கிலிருந்து முழு ஃபண்டையும் திரும்ப எடுக்க நினைத்தால் உங்கள் நிறுவனம் 3,300 கோடிக்கு மேல் மதிப்புப் பெற வேண்டும். அந்த ஓட்டத்துக்கு நீங்கள் ஒத்துவராவிட்டால் அடுத்த சுற்றுக்கு அவர் வரமாட்டார். பழைய முதலீட்டாளரே ஒதுங்கிய நிறுவனத்தைப் புதியவர் தொடத் தயங்குவார்.

உலக நிலவரமும் சாதகமாக இல்லை. 2021இல் உச்சம் தொட்ட வெஞ்சர் முதலீடு, அமெரிக்க வட்டி ஏறியதும் 2022, 2023இல் சரிந்தது. பிறகு மீண்ட பணத்தில் பெரும்பகுதி ஏஐ பக்கம், அதுவும் கலிபோர்னியாவில் குவிந்தது. தோட்டத் தராசுக்கு அந்த வரிசையில் இடம் மிகக் குறைவு.

கேத்தி_காற்று:
அப்படியானால் அரசு முதலில் இறங்கட்டும். இஸ்ரேல் அரசு 1993இல் வெஞ்சர் ஃபண்டுகளை வளர்க்கும் யோஸ்மா திட்டத்தில் 10 கோடி டாலர் போட்டது. பத்து ஃபண்டுகளில் அரசின் பங்கு 40 சதவீதம் வரை, மீதி தனியாருடையது. ஐந்து ஆண்டுக்குள் அரசின் பங்கைக் குறைந்த விலையில் வாங்கிக்கொள்ளும் உரிமையும் அந்தத் தனியாருக்குத் தந்தது. இங்கும் சிறுதொழில் வங்கியான சிட்பி வழியாக 2016இல் 10,000 கோடி ஃபண்ட் ஆஃப் ஃபண்ட்ஸ், அதாவது வெஞ்சர் ஃபண்டுகளில் பணம் போடும் அரசு ஃபண்ட், தொடங்கப்பட்டது.

குன்னூர்_பேரேடு:
யோஸ்மா பணம் பெற்ற நிறுவனங்கள் பெரும்பாலும் தொடக்கத்திலிருந்தே அமெரிக்கா போன்ற வெளிச்சந்தைகளைக் குறிவைத்தன. உள்ளூர் சந்தையை நம்பியவை அல்ல. கென்யாவை நீங்களே இழுத்ததால் சொல்கிறேன்: அங்கே சூரிய விளக்கைத் தவணைக்கு விற்கும் டி.லைட், சன் கிங் போன்றவை திரட்டிய பெருந்தொகைகளில் கணிசமானது பங்கு முதலீடு அல்ல, வரவேண்டிய தவணைகளை ஈடாக வைத்து வாங்கிய கடன். கருவியை மாத வாடகைக்கு விடும் நமக்குப் பொருந்துவது அந்த வழிதான்.

பூம்பாறை_பொறி:
பணத்துக்கு முன் கருவியைப் பாருங்கள். கொடைக்கானல் பக்கமும் இதே பனிமூட்டம்தான். எடையை உணரும் லோட்செல், தூசியும் நீரும் புகாத ஐபி67 தரம் அல்லது அதற்கு மேல் இல்லையென்றால் ஈரம் உள்ளே இறங்கி, காலையில் பூஜ்யம் நகர்ந்து நிற்கும். கேபிள் நுழையும் இடத்தில்தான் முதலில் கசியும். எடைக்குப் பணம் கொடுக்கும் கருவி என்பதால் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி மாதிரி ஒப்புதலும் ஆண்டுதோறும் முத்திரையும் வேண்டும். இதை மறந்தால் ஒரு விவசாயி புகார் கொடுத்தாலே தொழிற்சாலை கருவியைத் திருப்பி அனுப்பிவிடும். குறைந்த மின்சாரத்தில் தூரத்துக்குச் செய்தி அனுப்பும் லோரா ரேடியோ 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸில் உரிமம் இல்லாமல் ஓடும். ஆனால் நடுவே ஒரு மேடு வந்தால் அலை நின்றுவிடும். ஆகவே ரசீதுகளைக் கருவியிலேயே சேமித்து, சிக்னல் வந்ததும் அனுப்ப வேண்டும். இந்த வேலை முடியாமல் வாங்கும் பணம் தவறுகளைப் பெருக்கத்தான் உதவும்.

கேத்தி_காற்று:
ஒப்புதல், உறைக்கான அச்சு, பத்து மாதிரிக் கருவி, எல்லாவற்றுக்கும் காசு வேண்டுமே! உள்ளூரில் தெரிந்தவர்கள் ஆளுக்கு 10 லட்சம் கன்வெர்டிபிள் நோட்டாக, அதாவது பிறகு பங்காக மாறக்கூடிய கடனாக, தரத் தயார் என்றால்?

குன்னூர்_பேரேடு:
அங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். கன்வெர்டிபிள் நோட்டுக்கு மத்திய தொழில்துறையான டிபிஐஐடியின் ஸ்டார்ட்அப் அங்கீகாரமும், ஒருவரிடமிருந்து ஒரே தவணையில் குறைந்தது 25 லட்சமும் வேண்டும். 10 லட்சம் வாங்கினால் அது கம்பெனி சட்டத்தில் கட்டுப்பாடுகள் நிறைந்த ‘டெபாசிட்’ ஆகிவிடும் ஆபத்து உண்டு. அதற்குப் பதில் கட்டாயமாக மாறும் முன்னுரிமைப் பங்கு, அதாவது சிசிபிஎஸ், கொடுங்கள். மதிப்பீட்டாளர் அறிக்கை, சிறப்புத் தீர்மானம், பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, 60 நாளுக்குள் பங்கு ஒதுக்கீடு, ஒதுக்கிய 15 நாளுக்குள் பிஏஎஸ்-3 என்ற பங்கு ஒதுக்கீட்டுப் படிவம். அதைத் தாக்கல் செய்யும்வரை அந்தப் பணத்தைத் தொடக் கூடாது. நியாய மதிப்புக்கு மேல் பங்கு விற்றால் விழுந்த ஏஞ்சல் வரி 2024 பட்ஜெட்டோடு போய்விட்டது என்பதால் மதிப்பீட்டை விட்டுவிடலாம் என்று எண்ண வேண்டாம். கம்பெனி சட்டம் அதைக் கேட்கிறது.

அதற்கும் முன் தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் தரும் டான்சீட் என்ற தொடக்க நிதியைப் பாருங்கள்: 10 லட்சம், சில பிரிவுகளுக்கு 15 லட்சம், பதிலுக்கு 3 சதவீதப் பங்கு.

கேத்தி_காற்று:
சரி, கென்யாவுக்குப் போகும்போது அமெரிக்காவின் டெலாவேர் மாநிலத்தில் தாய் நிறுவனம் வைத்தால் வெளிநாட்டுப் பணம் எளிது.

குன்னூர்_பேரேடு:
பெரியவர்களே திரும்பி வந்துகொண்டிருக்கிறார்கள். போன்பே 2022இல் சிங்கப்பூரிலிருந்து இந்தியாவுக்கு மாறியபோது அதன் முதலீட்டாளர்கள் ஏறக்குறைய 8,000 கோடி வரி கட்டினார்கள். பங்கு வர்த்தகச் செயலியான குரோ டெலாவேரிலிருந்து 2024இல் வந்தது. 2024 செப்டம்பரில் விதி மாறித் திரும்பும் நடைமுறை சுருங்கியிருக்கிறது, வரி சுருங்கவில்லை. இந்தியக் கம்பெனியிலேயே வெளிநாட்டுப் பங்குதாரரைச் சேர்க்கலாம். ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்கான எஃப்சி-ஜிபிஆர் படிவத்தைத் தாக்கல் செய்தால் போதும்.

பூம்பாறை_பொறி:
பேரேடு சொல்வதை ஒரு இடத்தில் மறுக்கிறேன். வாடகைக்கு விட்டால் கருவியின் முழு விலையும் உங்கள் தலையில் நிற்கும். கடன் கொடுப்பவர் ஓராண்டு வசூல் கணக்காவது கேட்பார். முதல் முப்பது கருவியை வாடகைக்கு விடாதீர்கள், விற்றுவிடுங்கள்.

குன்னூர்_பேரேடு:
அது சரி, ஏற்கிறேன். விற்கும்போது கருவிக்கும் சந்தாவுக்கும் தனித்தனி பில் போடுங்கள். பொருளுக்கு வாங்கும் முன்பணத்துக்கு அப்போதே ஜிஎஸ்டி இல்லை, சேவைக்கான முன்பணத்துக்கு உண்டு. சிறுதொழில் பதிவான உத்யம் எண்ணை பில்லிலேயே அச்சிடுங்கள். குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால், அந்த ஆண்டு கடந்து கட்டும் தொகையை அதே ஆண்டின் செலவாகத் தொழிற்சாலை காட்ட முடியாது. 1961 வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவில் வந்த விதி அது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் கெடு 15 நாள்தான்.

கேத்தி_காற்று:
முப்பது கருவிவரை முன்பணமும் டான்சீடும், சரி. அசாமுக்குப் போகும் கட்டத்தில் வெஞ்சர் வேண்டும் என்பதிலிருந்து நான் இறங்கவில்லை. அங்கே சர்வீஸ் ஆள் வைக்கவே தனி முதல் வேண்டும்.