ஃபஸ் பெடல் கிட்: பிஎஸ்170 செத்தது ஸ்டாட்டிக்காலா?

ஆறாம்கம்பி:
நேரா விஷயத்துக்கு வர்றேன். கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்குற ஃபஸ் பெடலை கிட் வாங்கி நானே கூட்டினேன். முதல் ஸ்டேஜ் பிஎஸ்170 மாஸ்ஃபெட் (டிரெய்ன், கேட், சோர்ஸ்னு மூணு கால் உள்ள டிரான்சிஸ்டர்), பின்னாடி ரெண்டு பிசி547 சாதா டிரான்சிஸ்டர். டிரெய்ன்ல இருந்து 9 வோல்ட்டுக்கு 10கே (கிலோஓம்) ரெசிஸ்டர், டிரெய்ன்–கேட் 10எம் (மெகாஓம்), கேட்–கிரவுண்ட் 10எம், சோர்ஸ் நேரா கிரவுண்ட். பைபாஸ்ல கிட்டார் கேக்குது, ஸ்விட்சை மிதிச்சா சத்தமே இல்ல. டிரெய்ன்ல 4.4 வோல்ட் பக்கம் வரணும், மீட்டர் 0.64 காட்டுது. அந்த எண் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. பத்து (சால்டர்) வைக்கிறதுக்கு முன்னாடி மாஸ்ஃபெட்டைத் தெர்மாகோல்ல குத்தி வெச்சு ஸ்டாட்டிக் (நிலைமின்சாரம்) பாய்ஞ்சதுதான் காரணம், வேற எதுவும் இல்ல.

ஈயப்புகை:
தெர்மாகோல் தப்புதான் சார், ஆனா 0.64 ஸ்டாட்டிக்கோட எண் இல்ல, டயோடோட எண். கேட் ஆக்சைடு (கேட்டுக்கு அடியில இருக்கிற மெல்லிய காப்புப் படலம்) பொத்தலாகி சோர்ஸோட ஒட்டிக்கிட்டா மாஸ்ஃபெட் திறக்கவே திறக்காது, டிரெய்ன் 9 வோல்ட் பக்கம் ஏறி நிக்கும். டிரெய்னோட ஒட்டினா ரெண்டும் 2 வோல்ட் சுமாருக்கு வரும். 0.64ன்னா உள்ளே இருக்கிற பாடி டயோடு முன்னோக்கிக் கடத்துது. அதாவது கால் மாறிப் போச்சு. மேல என்ன அச்சடிச்சிருக்குன்னு லென்ஸ் வெச்சுப் பாருங்க. தட்டை முகம் நம்ம பக்கம், கால் கீழே, இடமிருந்து: பிஎஸ்170 டிரெய்ன், கேட், சோர்ஸ். 2என்7000 சோர்ஸ், கேட், டிரெய்ன். பல கிட்ல ஒண்ணுக்குப் பதில் இன்னொண்ணைப் போட்டு அனுப்புறாங்க.

டோன்பித்து:
ஸ்டாட்டிக்கை ரொம்பப் பெரிசாக்குறீங்க. ஃபஸ் ஃபேஸ் பெடல் 1966ல ஜெர்மானியம் டிரான்சிஸ்டரோட வந்தப்ப யாரு ஸ்டாட்டிக்கை எர்த்துக்கு விடுற மணிக்கட்டு ஸ்ட்ராப் கட்டினா? ஏசி128 மாதிரி ஜெர்மானியத்தைக் கெடுக்கிறது சூடு. காலை நீளமா விட்டு, உடம்புக்கும் பத்துக்கும் நடுவுல முதலைக் கிளிப் மாட்டணும். விரலால பிடிச்சாலே லீக்கேஜ் (கசியுற கரண்ட்) கூடி, ரெண்டாவது டிரான்சிஸ்டரோட கலெக்டர் வோல்ட் நகர்றதை மீட்டர்லயே பார்க்கலாம்.

ஈயப்புகை:
ஜெர்மானியத்துக்கு நீங்க சொல்றது முழுக்கச் சரி. மாஸ்ஃபெட் வேற ஜாதி. கேட்–சோர்ஸ் 20 வோல்ட்தான் எல்லை. ஏசி அறையில காஞ்ச காத்துல நாற்காலிய விட்டு எழுந்தாலே உடம்புல ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறும். 3000 சுமாருக்குக் கீழே இருந்தா கையில சுருக்குன்னுகூடத் தெரியாது.

கேட்காமலே சொல்றேன், மன்னிக்கணும். ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், பாட் (வால்யூம் திருகு) எல்லாம் முதல்ல பத்து வைங்க. போர்டுல கேட்–சோர்ஸ் நடுவுல 9.1 வோல்ட் ஜீனருக்கு (வோல்ட் அதுக்கு மேல ஏறாம தடுக்கிற டயோடு) இடம் இருந்தா அதை அடுத்து வைங்க. மாஸ்ஃபெட் கடைசி. அதுவரைக்கும் கறுப்பு கண்டக்டிவ் ஃபோமை (மின்சாரம் கடத்துற பஞ்சு) விட்டு எடுக்காதீங்க. பார்ட்ஸ் போட்டு வர்ற ரோஸ் ஆன்டிஸ்டாட்டிக் கவர் தானா சார்ஜ் ஏத்தாது, ஆனா வெளியில இருந்து பாயிறதைத் தடுக்காது. மூணு காலையும் மெல்லிய செம்புக் கம்பியால சுத்தி ஷார்ட் பண்ணி, பத்து வைச்ச பிறகு கம்பிய உருவுங்க. ஸ்ட்ராப்ல 1 மெகாஓம் இருக்கணும், வெறும் வயரைக் கையில கட்டி எர்த்ல சொருகுறது உயிருக்கே ஆபத்து. சால்டரிங் அயர்ன் பிளக் மூணு பின்னா இல்லையான்னு பாருங்க. ரெண்டு பின்னுன்னா முனையில லீக்கேஜ் வரும். அப்படின்னா பிளக்கை உருவிட்டு மிச்சச் சூட்டுல மூணு காலையும் முடிச்சிடலாம்.

ஆறாம்கம்பி:
2என்7000 தான். திருப்பிப் போட்டேன், டிரெய்ன் 4.3. ஆனா கேட்ல மீட்டர் வெச்சா டிரெய்ன் 6 தாண்டுது?

ஈயப்புகை:
மீட்டருக்குள்ள இருக்கிற 10எம், கேட்–கிரவுண்ட் ரெசிஸ்டருக்கு இணையா சேர்ந்து அதை 5எம் ஆக்குது. மாஸ்ஃபெட் நல்லாத்தான் இருக்கு. கேட்டைத் தொடாதீங்க, டிரெய்னை மட்டும் அளங்க.